பந்தாட்டத்தில் ‘தகுதி’



இன்று நாம் ஒரு விளையாட்டைப்பற்றிப் பேசப்போகிறோம். பந்தாட்டத்துக்கும் மனிதனுடைய மானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்டால் விளங்கும்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்பது ஒரு ஆட்டம். கிரிக்கெட்டைப்போல் மட்டையும் பந்தும் கொண்டது. பந்தை அடித்தவன் நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். இதை அந்நாட்டார் தங்கள் தேசிய விளையாட்டு என்று பெருமை பேசுவார்கள். ஆனால் 1884-ல் டொலிடோ குழுவில் வாக்கர் சகோதரர்கள் ஆடியதற்குப் பிறகு, 1947 வரையில், கறுப்பர் என்று அறியப்பட்ட ஒருவருக்குக்கூட முதல்தரக் குழுக்களில் இடம் கொடுக்கவில்லை.

இதற்கு விதி உண்டா என்றால், முதல்தரக் கழகங்களின் விதிகளில் ஒரு வரிகூடக் கிடையாது. குழு முதலாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட வாய்ப்பேச்சு ஏற்பாடுதான். அதற்கு ‘வழக்கம்’ என்று பெயர். ஏன் என்று கேட்டால், தகுதியுள்ள கறுப்பர் கிடைக்கவில்லை என்பார்கள். கதவைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் உள்ளே வரவில்லையே என்று சொல்லுவது எவ்வளவு யோக்கியமோ, அவ்வளவு யோக்கியம் இந்தப் பதில்.

கறுப்பர்கள் தனிக் கழகங்கள் வைத்து ஆடினார்கள். அவற்றில் ஜோஷ் கிப்சன் என்பவர் பந்தடிப்பதில் நிகரில்லாதவர் என்று பேர் வாங்கினார். முதல்தரக் குழு எதிலும் ஒரு நாள்கூட ஆட விடப்படாமலே, 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். மூன்று மாதம் கழித்துக் கதவு திறந்தது.

அந்த ஏப்ரல் 15-ந் தேதி புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவில் ஜாக்கி ராபின்சன் களம் இறங்கினார். ஜார்ஜியா மாகாணத்தில் வாரத்துக்கு உழுத குடும்பத்தில் 1919-ல் பிறந்தவர். 1944-ல் பட்டாளத்தில் இருந்தபோது பஸ்ஸில் பின்னால் போய் உட்கார மறுத்ததற்காக இராணுவக் கோர்ட்டில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என்று விடுதலையானவர். அவரைச் சேர்த்த குழுத் தலைவர் பிராஞ்ச் ரிக்கி வெறும் தர்மத்துக்காகச் செய்யவில்லை. குழு ஜெயிக்கவேண்டும், கூட்டம் வரவேண்டும் என்பதும் அவர் கணக்கு. அவர் போட்ட நிபந்தனை, எவன் வைதாலும் திருப்பிப் பேசக்கூடாது என்பது.

சொந்தக் குழுவிலேயே சிலர் அவரோடு ஆடமாட்டோம் என்று மனுத் தயாரித்தார்கள். பிலடெல்பியா குழுவின் மேலாளர் பென் சாப்மன் ஆட்களோடு சேர்ந்துகொண்டு வாய் கூசாமல் வைதார். ராபின்சன் வாய் திறக்கவில்லை. 151 ஆட்டங்களில் 125 ஓட்டம் எடுத்தார். எதிரி அசந்த நேரம் அடுத்த தளத்துக்கு ஓடுவதற்கு அங்கே ‘திருடுதல்’ என்று பெயர். 29 முறை திருடிக் கழகத்திலேயே முதலாவதாக வந்தார். அறுபது வருஷம் ஒரு ஜனசமூகத்தின் உரிமையைத் திருடியதற்கு மட்டும் ‘வழக்கம்’ என்று பெயர்! அவர் குழு நேஷனல் லீக்கில் முதலிடம் பெற்றது. புது ஆட்டக்காரருக்கான பரிசும் அவருக்கே கிடைத்தது. தகுதியில்லை என்ற பொய் ஒரே வருஷத்தில் செத்தது.

நிற்க, ராபின்சனைப் புகழுகிறவர்கள் அவருடைய பொறுமையையே பெரிதாய்ப் புகழுகிறார்கள். நாம் கேட்கிறோம்: வைதவனுக்கு வெட்கம் வேண்டும் என்று சொல்லாமல், வையப்பட்டவனுக்குப் பொறுமை வேண்டும் என்பது என்ன நியாயம்? வெள்ளையன் சுமாராய் ஆடினால் போதும். ராபின்சனோ அபாரமாகவும் ஆடவேண்டும், வாயையும் மூடிக்கொள்ளவேண்டும். 1949-ல் அந்தக் கட்டு நீங்கி அவர் திருப்பிப் பேசியவுடனே, அடக்கமில்லாதவன் என்றார்கள். அந்த வருஷமே கழகத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவர்தான்.

1997-ல் அவர் அணிந்த 42 என்ற எண்ணை எல்லா முதல்தரக் குழுக்களும் மரியாதைக்காக ஒதுக்கி வைத்தன. நல்லதுதான். ஆனால் பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழு ஒரு கறுப்பரைச் சேர்த்துக்கொள்ள 1959 வரை பிடித்தது என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகையால் தோழர்களே, எவராவது தகுதி, தகுதி என்று பேசினால் கோபப்படவேண்டாம். கதவு திறந்திருக்கிறதா, சாவி யார் மடியில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.