நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர்?

(புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் மிக எளியது. ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் அருந்த வேண்டும் என்பதே அது. "தாகம் எடுத்தால் குடிக்கிறோம்; இதற்கும் ஓர் உரை வேண்டுமா?" என உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் வெயிலில் உழைத்துப் பிழைக்கும் மக்களுக்கு இவ்வினாவின் விடை உடல்நலத்தைக் காக்கும். சில வேளைகளில் உயிரையே காக்கும்.

கெடாவும் பெர்லிசும் ஆண்டின் தொடக்க மாதங்களில் கடும் வெப்பத்தையும் வறட்சியையும் காணும் மாநிலங்கள். 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. 2016ஆம் ஆண்டின் கடும் வெயிலில் பெர்லிசிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் பள்ளிகளையே சில நாட்கள் மூட நேர்ந்தது. 2023 ஏப்ரலில் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பத் தாக்கத்தாலும் உடல்நீர் வற்றியதாலும் உயிர் துறந்தான். ஆகவே இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று.

பால்மரம் கற்பிக்கும் பாடம்

பால்மரம் வெட்டியோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. விடியற்காலையில் வெட்டினால் மரம் தாராளமாகப் பால் சொரியும். வெயில் ஏறிய பின் வெட்டினால் மங்கு நிறையாது. இதன் காரணம் யாது?

இரவு நேரத்தில் மரம் வேரின் வழியே உறிஞ்சிய நீர், பட்டையிலுள்ள பால்குழாய்களை நிறைத்து விறைப்பாக வைத்திருக்கிறது. கதிரவன் மேலேற மேலேற இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. குழாய்களில் அழுத்தம் குறைகிறது. பாலின் ஓட்டமும் தளர்ந்துவிடுகிறது. மரத்தின் நீர்க்கணக்கை இவ்வளவு நுட்பமாக அறிந்து, இருள் பிரியுமுன் வேலைக்குப் புறப்படும் நாம், நம் உடலின் நீர்க்கணக்கை மட்டும் மறந்துவிடலாமா?

மனித உடலின் எடையில் பாதிக்கு மேற்பட்டது நீரே. அறுபது கிலோ எடையுள்ள ஆடவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் நீர் உள்ளது. சிறுநீராகவும், வியர்வையாகவும், மூச்சுக் காற்றின் ஈரமாகவும் அது இடையறாது வெளியேறிக்கொண்டே இருக்கிறது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு, அதாவது இவருக்கு ஒன்றேகால் லிட்டர் அளவு, நீர் குறைந்தாலே உழைக்கும் ஆற்றல் குன்றும், கவனமும் சிதறக்கூடும். உயர்ந்த செம்பனையில் நீண்ட கோலில் அரிவாள் பூட்டிக் குலை வெட்டுபவருக்குக் கவனம் சிதறினால் விளைவு என்னவாகும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

எட்டுக் கோப்பை எங்கிருந்து வந்தது?

"நாளுக்கு எட்டுக் கோப்பை தண்ணீர்" என்னும் சொல்லை நாம் எங்கும் கேட்கிறோம். இதன் வரலாறு சுவையானது. 1945ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம், பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் பொருந்தும் என்று கூறியது. அந்நீரின் பெரும்பகுதி நாம் உண்ணும் உணவிலேயே அடங்கியுள்ளது என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதியது. முதல் வரி உலகெங்கும் பரவியது; அடுத்த வரியோ மறக்கப்பட்டது என்பர் ஆய்வாளர். 2002ஆம் ஆண்டில் ஹைன்ஸ் வால்டின் என்னும் உடலியல் அறிஞர் இதுபற்றிய நூல்களையும் ஆய்வுகளையும் துருவிப் பார்த்து, எல்லாரும் எட்டுக் கோப்பை அருந்தியே தீர வேண்டும் என்பதற்கு அறிவியல் சான்று தமக்குக் கிடைக்கவில்லை என எழுதினார்.

அப்படியாயின் சரியான அளவு யாது? 2004ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று, உணவிலுள்ள நீரையும் சேர்த்து, ஆடவருக்கு நாளொன்றுக்கு 3.7 லிட்டர், பெண்டிருக்கு 2.7 லிட்டர் என வகுத்தது. இதில் ஐந்தில் ஒரு பங்கு சோறு, கறி, காய்கனிகள் வழியாகவே கிடைத்துவிடும். 2010ஆம் ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆடவருக்கு 2.5 லிட்டர், பெண்டிருக்கு 2 லிட்டர் என்றது. அது மிதமான தட்பவெப்பத்தில் மிதமாக உழைப்போரை எண்ணிச் சொன்ன கணக்கு. நம் நாட்டின் உணவு வழிகாட்டியோ நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுக் கோப்பை வெறும் தண்ணீர் என்கிறது. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் ஆகும் அது.

அறிஞர்களின் கணக்குகள் இவ்வாறு வேறுபடுவதைக் கண்டு குழப்பம் வேண்டா. நீரின் தேவை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள், வேலைக்கு வேலை மாறும். நிழலில் அமர்ந்து எழுதும் கிராணிக்கும் வெயிலில் உரம் போடும் தொழிலாளிக்கும் ஒரே அளவு எவ்வாறு பொருந்தும்? ஆறு முதல் எட்டுக் கோப்பை என்பது வீட்டிலும் நிழலிலும் இருப்போருக்கு நல்ல அடிப்படை. வெயிலில் உழைப்போர் அதனைத் தொடக்கமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

வெயிலில் உழைப்போர்க்கு

கடும் வெயிலில் உழைப்பவர் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வையைக்கூட இழக்கக்கூடும். அத்தகையோர் பதினைந்து அல்லது இருபது மணித்துளிகளுக்கு ஒருமுறை ஒரு கோப்பை, அதாவது ஏறத்தாழ 240 மில்லி லிட்டர், அருந்துவது நலம் என்று தொழில் நலத்துறை வல்லுநர் கூறுவர். நான்கு மணி நேரம் வெயிலில் நிற்பவருக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் ஆகிறது. சிறு போத்தல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிரைக்குச் செல்வது போதாது என்பது இதனால் விளங்கும்.

காலை இருளில் வெட்டத் தொடங்கும் நேரத்தில் இவ்வளவு தேவையில்லை. ஆயினும் இரவு முழுவதும் நீரின்றி இருந்த உடல் என்பதால், பிரட்டுக்குச் செல்லுமுன் இரண்டு கோப்பை அருந்திவிட்டுப் புறப்படுவது நற்பழக்கம். தாகம் வந்த பிறகே குடிப்பேன் என்றிருப்பதும் உழைப்பாளிக்கு ஏற்றதன்று. வேலை மும்முரத்தில் தாகம் தோன்றும்போது உடல் ஏற்கெனவே கொஞ்சம் நீரை இழந்திருக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

தோட்டத்துக்குத் தோட்டம் செல்லும் வேளைகளில் பெண் தொழிலாளர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு. "தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே, ஐயா! அதனால்தான் வேலை முடியும்வரை குடிப்பதில்லை" என்பார்கள். இது நம் தோட்டங்களில் மட்டும் கேட்கும் குரலன்று. தமிழ்நாட்டு உப்பளங்களில் உழைக்கும் பெண்களும் கழிப்பிடம் இல்லாமையால் தண்ணீரைக் குறைத்துக்கொள்கின்றனர். சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் அவ்வுப்பளத் தொழிலாளரைச் சோதித்து 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏழு பேர் அளவில் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருக்கக் கண்டனர்.

கடல் கடந்த மத்திய அமெரிக்காவிலும் இதே துயரம் உண்டு. எல் சால்வடோர், நிகராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இல்லாத இளந்தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சிறுநீரக நோய்க்கு இரையாயினர். இடைவிடாத வெப்பமும், கடும் உழைப்பும், உடல்நீர் வற்றுதலும் அதன் முக்கியக் காரணங்கள் என ஆய்வாளர் கருதுகின்றனர். தண்ணீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் முறையாக அளிப்பதே அங்கு மேற்கொள்ளப்பட்ட பரிகாரம்.

எனவே, தாய்மார்களே, தண்ணீரைக் குறைப்பது இதற்குத் தீர்வாகாது. குறைவாக நீர் அருந்துவோருக்குச் சிறுநீர்த் தாரையில் அழற்சியும் கல்லும் தோன்ற வாய்ப்பு மிகுதி. ஒதுங்க இடம் வேண்டும் என்று கேட்பது நாணத்தக்க செயலன்று. அஃது உங்கள் உரிமை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்த அளவு தரச் சட்டம், தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதிய குழாய்நீரை முதலாளி இலவசமாக வழங்க வேண்டும் என விதிக்கிறது. வேலையிடத்து வெப்பத்தைச் சமாளிக்கும் முறைகளைத் தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2016ஆம் ஆண்டிலேயே வழிகாட்டி நூலாக வெளியிட்டுள்ளது. தொழிற்சங்கத் தலைவர்களும் நிருவாகத்தினரும் கூடிப் பேசி, நிரைக்கு அருகில் தண்ணீர்த் தொட்டியும் மறைவான கழிப்பிடமும் அமைக்க முன்வர வேண்டும். செலவு சிறிது, பயன் பெரிது.

உப்பும் வேண்டும்

வியர்வையைச் சுவைத்துப் பார்த்தவர் அது கரிப்பதை அறிவர். நீரோடு உப்பும் வெளியேறுகிறது. 1923ஆம் ஆண்டில் பிரிட்டனின் ஆழ்ந்த நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தோருக்குக் கைகால்களில் கடும் தசைப்பிடிப்பு ஏற்படுவதை மாஸ் என்பவர் ஆராய்ந்தார். வியர்வையில் உப்பை இழந்து வெறும் தண்ணீரையே மிகுதியாகக் குடித்ததே அதற்குக் காரணம் என அவர் விளக்கினார்.

நம் முன்னோர் வேலைக்குச் செல்லுமுன் அருந்திய உப்பிட்ட பழங்கஞ்சியும், நண்பகலில் பருகிய நீர்மோரும் நீரையும் உப்பையும் ஒருங்கே அளித்தன. அப்பழக்கத்தைத் தாழ்வாக எண்ணிக் கைவிட வேண்டுவதில்லை. ஆனால் வேளை தவறாது உண்போருக்கு உணவிலுள்ள உப்பே பெரும்பாலும் போதும். இரத்தக் கொதிப்பு உள்ளோர் தாமாக உப்பைக் கூட்டிக்கொள்ளக் கூடாது.

வயிற்றுப்போக்கு ஏற்பட்ட குழந்தைக்கும் இதே விதி. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறு கரண்டி சீனியும் அரைச் சிறு கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். கரண்டி தலைதட்டியதாக இருக்கட்டும். 1971ஆம் ஆண்டு வங்கத்து அகதி முகாமில் மருத்துவர் திலிப் மகலனாபிஸ் இத்தகைய உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொண்டே எண்ணற்ற வாந்திபேதி நோயாளிகளைக் காப்பாற்றினார்.

அளவுக்கு மிஞ்சினால்

தண்ணீரும் அளவுக்கு மிஞ்சினால் தீங்கே. நம் சிறுநீரகம் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரையே வெளியேற்ற வல்லது. அதற்கு மேல் குடித்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து, தலைவலியும் மயக்கமும், சில வேளைகளில் மரணமும் நேரலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் நடந்த நெடுந்தொலைவு ஓட்டத்தில் கலந்துகொண்டோரை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு பதின்மூவரிடம் இக்குறை காணப்பட்டது. வெயிலில் உழைப்போரும் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டாதிருப்பது நன்று.

இருதய நோயாளரும், சிறுநீரக நோயாளரும், இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோரும் நாம் மேலே கூறிய அளவுகளைப் பின்பற்றலாகாது. அவர்களுக்கு மருத்துவர் குறித்துக் கொடுக்கும் அளவே சட்டம். முதியோருக்குத் தாக உணர்வு மங்கும். பேரப்பிள்ளைகள் நேரம் பார்த்து நீர் கொடுக்க வேண்டும். பாலூட்டும் தாய்மார்களுக்குத் தேவை கூடுதல்.

எதைக் குடிப்பது?

தேநீரும் கோப்பியும் உடல்நீரை வற்றச் செய்யும் என்பது மிகைக் கூற்று. அளவோடு அருந்தினால் அவையும் நீர்க்கணக்கில் சேரும். சீனியில்தான் ஆபத்து உண்டு. தகரக் குவளையில் விற்கும் இனிப்புப் பானம் ஒன்றிலேயே ஆறேழு சிறு கரண்டி சீனி இருக்கலாம். 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர் ஏறத்தாழ அறுவருள் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. நம் இந்திய சமூகம் அதில் முன்வரிசையில் நிற்பது வேதனைக்குரியது. மதுவோ சிறுநீரைப் பெருக்கி உடலை வற்றச் செய்யும். களைப்புத் தீர அதனை நாடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பது போன்றது. ஓடை நீரையும் கிணற்று நீரையும் கொதிக்க வைத்தே அருந்துக.

உடலே காட்டும் அடையாளம்

கோப்பையை எண்ண மறந்தாலும் கவலை இல்லை. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிறிய வைக்கோல் நிறமாயின் நீர் போதும். அடர்மஞ்சளாயின் உடனே அருந்துக. கடுந்தேநீர்ச் சாயம்போல் இருந்தால் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க. வேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வசதியுள்ளோர், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டர் நீர் இழந்ததாகக் கணக்கிடலாம்.

ஒருவர் வெயிலில் குழறிப் பேசினாலோ நினைவிழந்தாலோ அது வெப்பத் தாக்கம். நினைவற்றவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சு அடைத்துவிடும். நிழலுக்கு எடுத்துச் சென்று, உடை தளர்த்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுங்கள். 999 எண்ணுக்கு அழையுங்கள்.

கேரளத்துப் பள்ளிகளில் 2019ஆம் ஆண்டு முதல் மாணவர் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கும் வழக்கம் தோன்றியது. 2025இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளும் அதனை மேற்கொண்டன. நம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியப் பெருமக்களும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். பள்ளியில் ஒலிக்கும் மணி, வீட்டுக்கும் நிரைக்கும் பழக்கமாகப் பரவும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்று பெயரிட்ட அதிகாரத்தில் மருந்தைவிட உணவின் அளவைப் பற்றியே மிகுதியாகப் பேசினார். உணவுக்குரிய அந்நெறி நீருக்கும் பொருந்தும். உங்கள் வேலையையும், வெயிலையும், உடலையும் அறிந்து அருந்துங்கள். நாளைக் காலை பிரட்டுக்குப் புறப்படுகையில் பெரிய போத்தலில் நீர் நிரப்பி எடுத்துச் செல்லுங்கள். அது மாலையில் நிறைந்தபடியே வீடு திரும்பாதிருக்கட்டும்.