மீண்டும் பல் கம்பி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்க மேடையில் குறள் பேசுவார் உண்டு. கம்பன் பேசுவார் உண்டு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ பல். நாம் புலவரும் அல்லோம்; மருத்துவரும் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரெயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆயினும் இப்பொருளைப் பற்றிப் பேச நமக்கு ஓர் உரிமை உண்டு. நாற்பத்தைந்தாம் வயதில், இரண்டாம் முறையாகப் பற்களுக்குக் கம்பி போட்டுக்கொண்டவர் இவ்வவையில் நாம் ஒருவரே. அக்கம்பியினால் இடையிடையே சில சொற்கள் குழறுமாயின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

பதினைந்தாம் வயதில் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நமக்கு முதன்முறை கம்பி போட்டார்கள். இரண்டாண்டில் பற்கள் ஒழுங்காயின. கம்பியை எடுத்தபின், ரிடெய்னர் என்னும் பிளேட் ஒன்றைத் தந்து ஓராண்டு அணியச் சொன்னார்கள். அக்காலத்தில் பல இடங்களிலும் அதுவே வழக்கம். சொன்னபடி அணிந்தோம். முப்பதைக் கடந்தபின் கீழ் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாயத் தொடங்கின. நாற்பதில் ஒரு பல் தன் அண்டைப் பல்லின் பின்னே பாதி மறைந்துவிட்டது.

இப்பொழுது மீண்டும் கம்பி அணிந்து வெளியே செல்கையில், காலனியில் நம்மைக் காண்போர் கேட்பன மூன்று கேள்விகள். ஒருமுறை செய்ததை மறுமுறை ஏன் செய்ய வேண்டும்? பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இது பலிக்குமா? இத்தனை செலவு அழகுக்காகவா? இம்மூன்றுக்கும் அறிந்த அளவில் விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பல்லைச் சுவரில் அறைந்த ஆணி போல் நாம் எண்ணுகிறோம். உண்மையில், பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் பல உள்ளன. அந்நார்கள்தாம் பல்லை எலும்புக் குழியில் தாங்கி நிற்கின்றன. கம்பி ஒரு பல்லை மெல்லத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு ஊறுகிறது. இவ்வாறே பல் இடம் பெயர்கிறது.

இடம் பெயர்ந்த பல் புதிய இடத்தில் உடனே வேரூன்றிவிடுவதில்லை. வேரைச் சுற்றியுள்ள நார்கள் புதிய இடத்திற்கேற்பத் திருந்த மூன்று நான்கு மாதங்கள் ஆகும். பல்லின் கழுத்தருகே ஈறுக்குள் இருக்கும் சில நார்களோ ரப்பரைப் போன்ற தன்மையுடையவை. ஓராண்டு சென்றும் அவை பல்லைப் பழைய இடத்தை நோக்கியே இழுத்துக்கொண்டிருக்கும். சீத்தா கேம்ப் மக்களாகிய நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? 1976ஆம் ஆண்டில் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டு இச்சதுப்பு நிலத்திற்கு வந்த பெரியோர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். குடிசை ஒரு நாளில் பெயர்ந்தது. மனம் பெயரப் பல்லாண்டு ஆயிற்று என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பல்லின் கதையும் அத்தகையதே.

இதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் என்பாரும் அவர்தம் குழுவினரும், முன்கடைவாய்ப் பற்களை எடுத்துக் கம்பி போட்டுச் சீர்செய்யப்பட்ட 65 பேரை, ரிடெய்னரை நிறுத்திப் பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்தனர். அம்முடிவு 1981இல் வெளிவந்தது. கீழ் முன்பற்கள் ஏற்கத்தக்க ஒழுங்கில் இருந்தவர் நூற்றுக்கு முப்பது பேருக்கும் குறைவு. இருபதாண்டு வரை கழித்துப் பார்த்த ஆராய்ச்சி 1988இல் வந்தது. அதில் அத்தகையோர் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவே. கம்பியே போடாதவர்க்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குவது இயல்பு என்பதையும் ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். கடைசியில் முளைக்கும் ஞானப்பல் தள்ளுவதனால்தான் இந்நெருக்கம் என்று பலர் கூறுவர். ஆராய்ச்சிகள் அக்கூற்றை மெய்ப்பிக்கவில்லை. ஆதலின் பல் திரும்பிப் போனமைக்காக மருத்துவரையோ பிள்ளையையோ உடனே குறை கூறுதல் நேர்மையாகாது.

நிற்க. இந்த வயதில் பலிக்குமா என்பது இரண்டாம் கேள்வி. அறுபது வயதிலும் முறிந்த கையெலும்பு கூடுகிறதன்றோ? எலும்பு கரைவதும் ஊறுவதும் உயிர் உள்ள மட்டும் நடப்பவை. ஆதலின் பல் நகர்வதற்கு வயது மட்டும் தடையாகாது. சிறுவர்க்குத் தாடை வளர்ந்துகொண்டிருக்கும். நமக்கு அவ்வளர்ச்சி முடிந்துவிட்டது. ஆகையால் தாடையெலும்பிலேயே கோணல் இருப்பின் கம்பி மட்டும் போதாமல் போகலாம். தொடக்கத்தில் பற்கள் நகர்வதும் சற்று மெதுவாகவே இருக்கும். ஆங்கிலப் படங்களில் நடிக்கும் டாம் குரூஸ் 2002ஆம் ஆண்டில், நாற்பது வயதை ஒட்டிய பருவத்தில், கம்பி அணிந்தே உலகத்தார் முன் நின்றார். கோடிக்கணக்கானோர் முகம் பார்க்கும் நடிகருக்கு வராத நாணம் கோப்பு பார்க்கும் குமாஸ்தாவுக்கு ஏன்?

கருவிகளும் காலந்தோறும் திருந்தி வந்திருக்கின்றன. 1728ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார், பற்களை ஒரு உலோகப் பட்டையில் கட்டி ஒழுங்குபடுத்தும் முறையை நூலில் எழுதினார். அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1928இல் வகுத்த அமைப்பே இன்றைய கம்பிகளுக்கு அடிப்படை. முற்காலத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் உலோக வளையம் மாட்டுவர். பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் பதப்படுத்திப் பசையை ஒட்டவைக்கும் வழியை 1955இல் மைக்கேல் புவோனோகோர் கண்டபின், சிறு பொத்தான் போன்றவற்றைப் பல்லின் மீது நேரே ஒட்டும் முறை பின்னர் வளர்ந்தது. இன்று கண்ணாடி போன்ற கழற்றி மாட்டும் உறைகளும் உள்ளன, விலையோ மிகுதி. நமக்குப் பழைய எஃகுக் கம்பியே போதுமானதாயிற்று.

ஆனால் வயது வந்தோர்க்கு ஒரு நிபந்தனை உண்டு. முதலில் ஈறு; பிறகே கம்பி. ஈறு நோயுற்று எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும் வாயில் கம்பி போடுவது, அடித்தளம் அரித்த சுவரை முட்டுக்கொடுக்காமல் தள்ளுவதற்கு ஒப்பாகும். தாய்மார்களும் பெரியோர்களும் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இதுவரை ஒழுங்காய் இருந்த மேல் முன்பற்கள் நாற்பது வயதுக்குமேல் விசிறி போல் விரிந்து இடைவெளி விட்டால், அஃது ஈறு நோயின் அடையாளமாக இருக்கலாம். துலக்கும்போது இரத்தம் வருதலும், பல் ஆடுதலும் அத்தகையனவே. நீரிழிவு உடையோர்க்கும் புகைப்போர்க்கும் இந்நோய் கடுமையாகும். இவ்வூரில் கருக்கிய புகையிலையாகிய மிஷ்ரியால் பல் துலக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் உள்ளது. குட்காவை மகாராஷ்டிர அரசு 2012ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. வாய்கள் இன்னும் தடை செய்யவில்லை. ஈற்றை முதலில் கெடுப்பவை இவை. வாய்ப்புற்றுக்கும் இவையே வாயில்.

மூன்றாம் கேள்வி அழகைப் பற்றியது. அழகும் ஒரு காரணமே என்பதை மறைக்க வேண்டியதில்லை. முந்தானையால் வாயை மூடிச் சிரிக்கும் தாய்மார்களை நாம் அனைவரும் அறிவோம். வாய் திறந்து சிரிப்பது செல்வர்க்கு மட்டும் உரியதன்று. ஆயினும் நமக்கு முதற்காரணம் வேறு. ஒன்றன்பின் ஒன்று மறைந்த பற்களுக்கிடையே பிரஷ் செல்லவில்லை, காறை படிந்தது, ஈறு வீங்கியது. சற்றே கோணலாக இருந்தும் நன்கு துலக்க முடிகிறது, நன்கு மெல்ல முடிகிறது என்பவர்க்கு மறுமுறை கம்பி கட்டாயமன்று. சிறு கோணலுடன் எண்பது வயது வரை நலமாக வாழ்ந்தோர் எண்ணற்றவர். நல்ல மருத்துவர் இதனை வெளிப்படையாகவே சொல்லிவிடுவார்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலனிக் குடும்பங்களில் உண்மையான கேள்வி அதுவே. நம் வீட்டில் மூவருக்குப் பல் வைத்தியம் தேவைப்பட்டது. மனையாளுக்கு ஈறு நோய். பதின்மூன்று வயது மகளுக்குப் பற்கள் நெருக்கம். நமக்கு இப்பழைய கதை. மூன்றுக்கும் ஒருங்கே பணம் இல்லை. “எனக்கு என்ன அவசரம், பிள்ளைக்குப் பாருங்கள்” என்றே மனையாள் கூறினார். நம் வீடுகளில் தாய்மார் எல்லோரும் கூறுவது அது. மருத்துவரைக் கேட்டோம். ஈறு காத்திராது, அதனை முதலில் பாருங்கள் என்றார். அவ்வாறே மனையாளுக்கு முதலிடம், மகளுக்கு இரண்டாமிடம், நமக்கு மூன்றாமிடம் என்று வரிசை வகுத்தோம். நமது முறை வர இரண்டாண்டு ஆயிற்று. வயது வந்தவரின் கோணற்பல் இரண்டாண்டு பொறுக்கும்; இரத்தம் கசியும் ஈறு பொறாது. தாயின் வாயைக் கடைசியில் வைக்கும் வழக்கத்தை நமது குடும்பங்கள் விட்டொழிக்க வேண்டும்.

தனியார் மருத்துவமனையில் கட்டணம் கேட்டுத் தயங்குவோர் வேறு வழியும் அறிய வேண்டும். நமது மான்குர்டிலிருந்து நேரே ரெயிலில் சென்றால் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தின் அருகே, செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில், அரசினர் பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறினால் மும்பை சென்ட்ரல் அருகே, 1933ஆம் ஆண்டில் தோன்றிய நாயர் பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. அதனை நடத்துவது நமது மாநகராட்சியே. இங்கெல்லாம் மேற்படிப்பு மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் வைத்தியம் செய்வர். கட்டணம் குறைவு, காத்திருப்பு அதிகம். சட்டப்படி பதிவு பெற்ற பல் மருத்துவரிடமே செல்க. இடைவெளியை மூடச் சிலர் தாமே முன்பற்களில் ரப்பர் வளையம் மாட்டிக்கொள்கின்றனர். அவ்வளையம் ஈறுக்குள் ஏறி, வேரைச் சுற்றி எலும்பை அழித்து, நல்ல பல்லையே விழச் செய்யும். இதனைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகக் கூறுங்கள்.

இனி, இப்பேச்சின் சாரத்திற்கு வருகிறோம். ரெயில்வேயில் புதிய தண்டவாளம் போட்டவுடன் வண்டிகளை முழு வேகத்தில் விடுவதில்லை. ஜல்லி இறுகும் வரை வேகக் கட்டுப்பாடு உண்டு. இறுகிய பின்னரும் கேங்மேன் நடந்து பார்ப்பது நிற்பதில்லை. பல்லுக்கு அக்கேங்மேன் யார் எனின், ரிடெய்னரே. சார்லஸ் ஹாலி என்னும் அமெரிக்க மருத்துவர் 1919இல் எழுதி வெளியிட்ட கழற்றி மாட்டும் பிளேட் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கீழ்ப்பற்களின் உட்புறம் மெல்லிய கம்பியை ஒட்டிவிடும் முறையும் உண்டு. எத்தனை காலம் அணிய வேண்டும் என்று கேட்டோம். பல் ஒழுங்காய் இருக்க விரும்பும் காலம் வரை, இரவு தோறும் என்று இப்போதைய மருத்துவர் விடை கூறினார். நாற்பதில் கேட்ட அவ்விடையைப் பதின்மூன்றிலேயே நம் மகள் கேட்டுவிட்டாள் என்பதே நமக்குப் பெரும் ஆறுதல்.

ஆகவே பெற்றோர்களே! உங்கள் பிள்ளைக்குக் கம்பி எடுக்கும் நாளில் வைத்தியம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். ரிடெய்னரை வெந்நீரில் கழுவக் கூடாது, உருமாறிவிடும். காகிதத்தில் சுற்றி வைத்தால் குப்பையோடு போய்விடும். அதற்குரிய பெட்டியிலேயே வைக்கச் செய்யுங்கள். உடைந்தாலோ இறுக்கமாகத் தோன்றினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கம்பிக்குச் சேர்க்கும் பணத்தோடு, பின்னாளில் மாற்று ரிடெய்னர் வாங்கவும் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். அச்சிறு தொகை, முப்பதாண்டு கழித்து உங்கள் மகனோ மகளோ மீண்டும் கம்பி போடும் பெருந்தொகையைக் காக்கும்.

நம்மைப் போல் நடுவயதில் மறுமுறை கம்பி போட நேர்ந்தவர்க்கு ஒரு சொல். நாணம் வேண்டா. முதல் வாரம் கஞ்சியும் இட்லியும் குழைந்த ரசஞ்சாதமுமாகக் கழியும். ஒரு தீபாவளியோ இரு தீபாவளியோ முறுக்கைக் கண்ணால் மட்டும் காண நேரும். காலனிச் சிறுவர்கள் ‘கம்பி மாமா’ என்பார்கள். நாமும் சிரித்தோம், உள்ளிருக்கும் கம்பி தெரியவே சிரித்தோம். அவர்களுள் இரு சிறுவர்கள் பின்னர் தம் பற்களைக் காட்டி நம்மிடம் வழி கேட்டார்கள். கேலியாய்த் தொடங்கிய பேச்சு பயனாய் முடிந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு பல் மருத்துவரை அழைத்து, நமது தாய்மார்களின் ஈறுகளைப் பார்க்கச் செய்யச் சங்கத்தார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்னும் வேண்டுகோளுடன் நமது உரையை முடிக்கின்றோம்.