“அழாதே” என்று சொன்ன குரல்
(சபை ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். இது வேதத்தில் உள்ள கதை அல்ல, ஒரு ரஷ்ய ஒப்பெராவின் கதை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் விடிய விடிய நாட்டுக்கூத்துப் பார்த்த பெரியவர்களுக்கு ஒப்பெரா விளங்கும். அங்கே போலவே இங்கேயும் கதை பாட்டிலேயே நடக்கும்.

இதன் பெயர் ‘டெமொன்’. பிசாசு என்று அர்த்தம். லெர்மொந்தொவ் என்ற கவிஞர் பள்ளிப் பருவத்தில் இந்தக் கதையை எழுதத் தொடங்கி, பத்து வருடங்கள் திருத்தித் திருத்தி எழுதினார். 1841இல், 26 வயதில், ஒரு துப்பாக்கிச் சண்டையில் இறந்துபோனார். தணிக்கையினால் அவர் உயிரோடு இருக்கும்வரை இந்தக் காவியம் அச்சில் வரவில்லை. பிறகு அன்டன் ரூபின்ஸ்டைன் இதற்கு இசை அமைத்தார். 1862இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியை நிறுவியவர் இவரே. 1875இல் அதே நகரத்தின் மரின்ஸ்கி அரங்கில் இது முதன்முதலாக மேடையேறியது.

கதை நடக்கும் இடம் ஜோர்ஜியாவின் மலைநாடு. பிரபு ஒருவரின் மகள் தாமாராவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வழியில் கொள்ளையர் கையில் கொல்லப்படுகிறான். கல்யாண வீட்டுக்கு அவனுடைய உடல் வந்து சேர்கிறது. அவள் கதறி அழும் அந்த நேரத்தில்தான் பிசாசு அவளிடம் பேசுகிறான்.

பிள்ளைகளே, கவனியுங்கள். அவனுக்குக் கொம்பும் இல்லை, வாலும் இல்லை. கம்பீரமான ஆண் குரலில், அன்பாகப் பாடுகிறான். குழந்தையே, அழாதே, உன் கண்ணீரால் பயன் இல்லை, வானத்து மேகங்களைப் பார், அவற்றைப் போலப் பூமியின் கவலை இல்லாமல் இரு, இரவுதோறும் நான் உன்னிடம் வருவேன் என்ற கருத்தில் அந்தப் பாட்டுப் போகிறது. கேட்பவர்களுக்கே மனம் இளகும்.

தாமாரா பயந்து ஒரு கன்னியர் மடத்துக்குப் போகிறாள். அங்கேயும் அவன் வருகிறான். தேவதூதன் தடுத்தும் உள்ளே நுழைகிறான். நான் தனியாகத் துன்பப்படுகிறேன், உன் அன்பு ஒன்றுதான் என்னைத் திருத்தும் என்கிறான். தீமையை விட்டுவிடுவதாகச் சத்தியமும் செய்கிறான். அவள் இரங்குகிறாள். அந்த இரக்கமே அவள் உயிரை வாங்கிவிடுகிறது.

நான் ஒரு தாதி. உடலில் புண் உள்ள இடத்தில்தான் கிருமி நுழையும் என்று எங்களுக்குப் படிப்பிப்பார்கள். மனமும் அப்படித்தான். நம்முடைய ஆண்டவரிடம் சோதனைக்காரன் எப்போது வந்தான்? நாற்பது நாள் உபவாசித்துப் பசியோடு இருந்தபோது வந்தான்.

அப்படியானால் ஆறுதல் சொல்லும் எல்லாரையும் சந்தேகப்படுவதா? இல்லை. வித்தியாசத்தைப் பாருங்கள். நாயீன் ஊர் விதவையிடம் இயேசுவும் அழாதே என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு, அவளுடைய மகனை எழுப்பி அவளிடமே ஒப்புவித்தார். லாசருவின் கல்லறையில் அவரே கண்ணீர் விட்டார். கர்த்தருடைய ஆறுதல் நம்மை நம்முடைய மனிதரோடு சேர்க்கிறது. பிசாசின் ஆறுதலோ நம்மைத் தனியாக்குகிறது.

பிள்ளைகளே, போனிலோ விளையாட்டிலோ யாராவது உங்களிடம், உன் அம்மா அப்பாவுக்கு உன்னை விளங்காது, எனக்குத்தான் விளங்கும், இதை ஒருவருக்கும் சொல்லாதே என்று சொன்னால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அம்மாவிடம், ஆசிரியரிடம், பாஸ்டரிடம், என்னிடம் சொல்லலாம். நாங்கள் ஏச மாட்டோம். வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால், ‘கிட்ஸ் ஹெல்ப் போன்’ இரவும் பகலும் இருக்கிறது.

என் தங்கைமாரே, அக்காமாரே, உங்களுக்கும் ஒன்று. அடித்துவிட்டு அழுது, நீ இல்லாவிட்டால் நான் கெட்டுப்போவேன், இனிமேல் அடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறவனை உங்கள் அன்பு திருத்திவிடும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். கையில் நீலம் பாரித்த தழும்போடு, படியில் விழுந்தேன் என்று சொல்லும் பெண்களை என் வேலையில் கண்டிருக்கிறேன். மனிதரை இரட்சிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அந்த வேலையை அவர் உங்கள் தலையில் சுமத்தவில்லை. ஆபத்து என்றால் 911ஐ அழையுங்கள். மன்னிப்பது வேறு, அடி வாங்குவது வேறு. சபையாரே, அப்படிப்பட்ட சகோதரியிடம் ‘பொறுத்துப் போ’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதிருப்போம்.

கதையின் முடிவைச் சொல்ல வேண்டும். தாமாரா இறந்ததும் பிசாசு, இவள் எனக்குத்தான் என்கிறான். தேவதூதன் விடவில்லை. அவள் பாடுபட்டாள், அவளுக்குப் பரலோகம் திறந்திருக்கிறது என்று சொல்லி அவளை ஏந்திக்கொண்டு போகிறான். பிசாசு முன்போலத் தனியே நிற்கிறான்.

ஏமாந்துபோன ஒரு பெண்ணை அந்தக் கதையிலேயே பரலோகம் தள்ளிவிடவில்லை. மோர்னிங்சைட்டில் இருக்கும் நம்முடைய சபைக் கதவும் அப்படித் திறந்திருக்கட்டும். ஏமாந்தவள் வெட்கப்படாமல் உள்ளே வரட்டும். நாமும் அவளோடு உட்கார்ந்து அழுவோம்.

கர்த்தர் தாமே நம் பிள்ளைகளைக் காப்பாராக. ஆமென்.