பனி படிந்த முகப்பு: ஜப்பானியக் கைக்கடிகாரங்களில் மரபழகியல்



கவிதைக்கென்று கூடிய அவையில் கைக்கடிகாரத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. 1916ஆம் ஆண்டில் பாரதியார் 'சுதேசமித்திரன்' இதழில் ஜப்பானியக் கவிதை குறித்து எழுதினார். அன்று தொட்டு அந்நாட்டுக் குறும்பாவின் சொற்செட்டும், பருவத்தைச் சுட்ட ஒரு சொல்லேனும் அதில் இடம்பெற வேண்டும் என்னும் மரபும் தமிழ்க் கவிஞர்க்குப் பழக்கமாயின. அப்பருவச் சொல்லை ஜப்பானியர் 'கிகோ' என்பர். சொல்லில் வாழும் இம்மரபு உலோகத்திலும் பீங்கானிலும் காகிதத்திலும் புகுந்தால் என்னவாகும்? ஒரு பொருளின் மேல் பூசப்பட்ட அழகாக நின்றுவிடுமா? அப்பொருளின் உள்ளிருந்து இயங்கும் ஆற்றலாகுமா? விலையுயர்ந்த ஜப்பானியக் கைக்கடிகாரங்கள் இவ்வினாவிற்குப் பல விடைகள் தருகின்றன. அவற்றைச் சீர்தூக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

நீண்டு குறுகிய பொழுதுகள்

பழைய ஜப்பானில் பொழுதின் அளவு நாள்தோறும் ஒன்றாக இருந்ததில்லை. விடியல் முதல் அந்தி வரை ஆறு கூறு; அந்தி முதல் விடியல் வரை ஆறு கூறு. கோடையில் பகல் நீளும். ஆதலால் பகற்கூறும் நீளும். மாரியில் இரண்டும் சுருங்கும். இன்றைய கணக்கில் எடோ நகரின் கோடைப் பகற்கூறு ஒன்று இரண்டரை மணி நேரத்தைக் கடந்தது. மாரிக்காலப் பகற்கூறோ இரண்டு மணி நேரத்திற்கும் குறைந்தது. நள்ளிரவில் மணி ஒன்பது முறை ஒலிக்கும். பின்னர் எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு எனக் குறைந்து வந்து, நண்பகலில் மீண்டும் ஒன்பது ஒலிக்கும்.

இத்தகைய நாட்டிற்குள் சம அளவில் நேரம் காட்டும் ஐரோப்பியக் கடிகாரம் வந்து சேர்ந்தது. அவ்வாறு கொண்டுவந்தோருள் ஒருவர் தமிழ்க் கடற்கரை அறிந்தவர். 1542 முதல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே சமயப்பணி ஆற்றிய பிரான்சிசு சேவியரே அவர். 1551ஆம் ஆண்டில் யமகுச்சியை ஆண்ட ஓஉச்சி யோஷிதகாவுக்கு அவர் அளித்த பரிசுகளுள் இயந்திரக் கடிகாரம் ஒன்றும் இருந்தது.

கடிகாரத்திற்கு ஏற்பத் தம் பொழுதுகளை மாற்றிக்கொள்ள ஜப்பானியர் முற்படவில்லை. பொழுதுகளுக்கு ஏற்பக் கடிகாரத்தை மாற்றினர். கடிகாரத்தின் ஓட்டத்தை நெறிப்படுத்தும் குறுக்குத் தண்டின் இரு முனைகளிலும் சிறு எடைகள் தொங்கும். அவற்றை நகர்த்தினால் ஓட்டம் விரையும் அல்லது தணியும். கம்மியர் பகலுக்கு ஒரு தண்டும் இரவுக்கு ஒரு தண்டும் அமைத்தனர். ஆண்டை இருபத்துநான்கு பருவக்கூறுகளாகப் பகுத்த பழைய நாட்காட்டியை ஒட்டி, ஏறத்தாழப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடைகள் இடம் மாற்றி வைக்கப்பட்டன. வேறுவகைக் கடிகாரங்களில் எண் பொறித்த சிறு தகடுகளையே முகப்பில் நெருக்கியும் விலக்கியும் வைத்தனர். இக்கடிகாரங்கள் 'வாதோகெய்' எனப்பட்டன.

இக்கலையின் சிகரம் 1851ஆம் ஆண்டில் தனகா ஹிசாஷிகே செய்து முடித்த 'பத்தாயிரம் ஆண்டுக் கடிகாரம்'. அதன் ஆறு முகங்களில் ஒன்று பருவத்தோடு நீண்டு குறுகும் பொழுதுகளைத் தானே காட்டியது. மற்றொன்று இருபத்துநான்கு பருவக்கூறுகளையும், இன்னொன்று நிலவின் வளர்தேய்வையும் காட்டின. ஒரு முகத்தில் ஐரோப்பியக் கடிகாரமும் இடம்பெற்றது. எண்ணில் அடங்கும் நேரமும் வானில் தெரியும் நேரமும் ஒரே பேழைக்குள் பகையின்றி வாழ்ந்தன.

அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1873 சனவரி முதல் நாளில் ஜப்பான் அரசு ஐரோப்பிய நாட்காட்டியையும் இருபத்துநான்கு சம மணிகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உலக நாடுகளோடு ஒத்துப்போகும் விருப்பம் ஒரு காரணம். கருவூலத்தின் வறுமை மற்றொரு காரணம். பழைய கணக்கின்படி அவ்வாண்டில் பதின்மூன்று மாதங்கள் வரவிருந்தன. அத்தனை மாதங்களுக்கும் ஊழியர்க்குச் சம்பளம் தர வேண்டியிருந்தது. புதிய நாட்காட்டி அச்செலவைத் தவிர்த்தது. வாதோகெய்கள் ஒரே நாளில் பயனற்றுக் காட்சிப்பொருள்களாயின. பருவம் கடிகாரத்தை விட்டு வெளியேற்றப்பட்டது.

ஒளியும் நிழலும்

1881ஆம் ஆண்டில் தோக்கியோவில் ஹத்தோரி கிந்தாரோ கடிகாரக் கடை தொடங்கினார். 1892ஆம் ஆண்டில் சீக்கோஷா என்னும் தொழிற்சாலையை நிறுவினார். அங்கிருந்து 1913ஆம் ஆண்டில் 'லாரல்' என்னும், ஜப்பானில் உருவான முதல் கைக்கடிகாரம் வெளிவந்தது. 1960ஆம் ஆண்டில் 'கிராண்ட் சீக்கோ' பிறந்தது. சுவிட்சர்லாந்தின் கடிகாரங்களுக்கு நுட்பத்தில் நிகராக வேண்டும் என்பதே அன்றைய வேட்கை.

நுட்பத்தில் நிகரானால் போதுமா, தோற்றத்தில் தனித்தன்மை வேண்டாவா என்னும் வினாவிற்கு 1959ஆம் ஆண்டில் சீக்கோவில் சேர்ந்த வடிவமைப்பாளர் தனகா தாரோ விடை தேடினார். அவர் வகுத்த நெறிகள் 1967ஆம் ஆண்டின் '44 ஜி.எஸ்.' என்னும் கடிகாரத்தில் முழு வடிவம் பெற்றன. கூட்டின் பரப்புகள் சமதளமாக இருத்தல் வேண்டும். அவை உருவைத் திரிக்காத கண்ணாடி போல் மெருகேற்றப்படுதல் வேண்டும். பரப்பும் பரப்பும் கூடும் விளிம்பு கூர்மையாக இருத்தல் வேண்டும். இவற்றால் விளைவது யாது? கை அசையும்போது ஒரு தளம் ஒளிரும். அடுத்த தளம் இருளும். பொன்னோ மணியோ பதிக்காமல் ஒளியும் நிழலுமே அணிகளாகின்றன. அணிகளைக் குறைத்து அசைவாலும் இடைவெளியாலும் பொருள் உணர்த்தும் கவிதையின் வழியும் இதுவே.

1969ஆம் ஆண்டு திசம்பரில் சீக்கோவே வெளியிட்ட குவார்ட்ஸ் கைக்கடிகாரம் துல்லியத்தைப் பெருக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அத்துல்லியம் எளியோர்க்கும் எட்டும் விலைக்கு வந்தது. சரியான நேரம் மலிவாகக் கிடைத்த பின்னர், விலையுயர்ந்த கடிகாரம் எதனை விற்பது? இவ்விடத்தில்தான், வெளியேற்றப்பட்ட பருவம் வேறு வழியாகத் திரும்பி வந்தது.

முகப்பில் திரும்பிய பருவம்

நாகனோ மாநிலத்தின் ஷியோஜிரியில் கிராண்ட் சீக்கோவின் பணிக்கூடம் ஒன்று உள்ளது. அதன் வடமேற்கே ஹோதகா மலைத்தொடர். அங்குக் காற்று அடித்து இறுக்கிய பனிப்பரப்பின் தோற்றத்தை 2010ஆம் ஆண்டில் ஒரு கடிகார முகப்பில் அமைத்தனர். 'பனித்துகள்' என்னும் பொருள்பட அன்பர்கள் அதனை அழைக்கலாயினர். அதன் வெண்மை வெண்சாயத்தால் வந்ததன்று. நுண்ணிய மேடுபள்ளங்கள் அச்சிட்ட தகட்டின் மேல் வெள்ளி முலாம் பூசியதால் வந்தது. அப்பரப்பின் மீது நீலநிற நொடிமுள் துடிப்பின்றி வழுக்கிச் செல்கின்றது. சுருள்வில்லே இதனை இயக்குகின்றது. ஆயின் பற்சக்கரத் தொடரின் இறுதியில் தட்டி நிறுத்தும் உறுப்பு இல்லை. சுழலும் சக்கரத்தை மின்காந்தத் தடை ஒன்று குவார்ட்ஸ் படிகத்தின் கணக்கிற்கு ஏற்ப மெல்லப் பிடித்துச் செலுத்துகின்றது. இவ்வமைப்பை அகஹனே யோஷிகசு 1977ஆம் ஆண்டில் எண்ணினார். அது விற்பனைக்கு வந்தது 1999ஆம் ஆண்டில்தான். பனியின் மீது ஓசையின்றிக் காலம் நகர்கின்றது எனக் காண்போர் உணர்வதற்கு முகப்பு மட்டும் காரணமன்று. முள்ளின் ஓட்டமும் காரணம்.

2019ஆம் ஆண்டில் இந்நிறுவனம் பழைய இருபத்துநான்கு பருவக்கூறுகளுள் நான்கை எடுத்து நான்கு கடிகாரங்கள் செய்தது. இளவேனிலின் 'ஷுன்புன்' வெளிர்சிவப்பாகவும், பெரும்பனிக்காலமாகிய 'தைசெட்சு' சாம்பல் வெண்மையாகவும் அமைந்தன. 2021ஆம் ஆண்டில் வெண்பூர்ச்ச மரக்காட்டின் அடிமரங்களை முகப்பாக்கிய கடிகாரம் ஜெனீவாவின் பெரும்பரிசுப் போட்டியில் ஆடவர் கடிகாரத்திற்கான விருதைப் பெற்றது.

இங்கே தயக்கம் ஒன்று எழுகின்றது. ஒருகாலத்தில் இருபத்துநான்கு பருவக்கூறுகள் கடிகாரத்தின் ஓட்டத்தையே ஆண்டன. அவை மாறும்போது மனிதர் கை எடைகளை நகர்த்தியது. இன்று அதே பெயர்கள் வண்ணங்களாக நிற்கின்றன. வெளிர்சிவப்பு முகப்பை நீக்கிப் பச்சை முகப்பை வைத்தாலும் நொடிமுள் முன்போலவே ஓடும். பருவச் சொல்லை மாற்றினாலும் மாறாத கவிதையில் அச்சொல் வெறும் ஒப்பனையே என்பதைக் கவிஞர் அறிவர்.

மற்றொரு தயக்கமும் உண்டு. எளிமையிலும் குறையிலும் அழகு காணும் 'வாபி' என்னும் கோட்பாட்டை இக்கடிகாரங்களோடு இணைத்துப் பேசுதல் வழக்கமாகிவிட்டது. தேநீர்க் கலைஞர் சென் நோ ரிக்யூ (1522–1591) போற்றியது சக்கரத்தில் சுழற்றாமல் கையால் வனைந்த கருநிறக் கோப்பையை. பிழையற்ற மெருகும் பல இலட்ச ரூபாய் விலையும் கொண்ட பொருளை அப்பெயரால் அழைத்தல் பொருந்தாது. ஆயினும் ரிக்யூ பணியாற்றிய ஹிதேயோஷி, 1586ஆம் ஆண்டில் பொன் தேநீர் அறையில் பேரரசருக்குத் தேநீர் படைத்தவர். மண்கோப்பையும் பொன்னறையும் ஒரே காலத்தின் விளைவுகள். செல்வத்தின் நிழலில் எளிமை பேசப்படுதல் புதிதன்று. பேசுவோர் அதனை மறைக்காதிருத்தல் வேண்டும்.

உள்ளிருந்து இயங்கும் மரபு

அவ்வாறாயின் இவை யாவும் வணிகத்தின் போர்வைதானா? அல்ல என்பதற்கு மூன்று கடிகாரங்கள் சான்றாகும்.

முதலாவது, சீக்கோ குழுமத்தின் 'கிரெடோர் எயிச்சி'. 2008ஆம் ஆண்டில் வந்த முதல் வடிவத்தில், சுருள்வில்லில் எஞ்சியுள்ள ஆற்றலைக் காட்டும் சிறு அளவுகோல் முகப்பில் இருந்தது. 2014ஆம் ஆண்டின் இரண்டாம் வடிவத்தில் அது கடிகாரத்தின் பின்புறத்திற்குச் சென்றுவிட்டது. வெண்பீங்கான் பரப்பும், கையால் தீட்டிய மணிக்குறிகளும், நீல முட்களுமே எஞ்சின. இடைவெளியைப் பொருளாகக் கருதும் 'மா' என்னும் கோட்பாடு இங்கு விளக்கவுரையாக நில்லாமல், எழுதியதை அடித்து நீக்கும் துணிவாகச் செயற்பட்டது.

இரண்டாவது, சிட்டிசன் நிறுவனத்தின் காகித முகப்பு. 1961ஆம் ஆண்டில் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் உருவாகத் துணைநின்ற நிறுவனம் இதுவே. இதன் உயர்வகைக் கடிகாரங்கள் சில ஒளியால் இயங்குவன. ஒளியை வாங்கும் மின்கலம் முகப்பின் அடியில் உள்ளது. ஆகவே முகப்பு ஒளியை உள்ளே விடுவதாக இருத்தல் வேண்டும். அதற்குக் கோச்சி மாநிலத்தில் செய்யும் 'தோசா வாஷி' என்னும் மெல்லிய மரநார்க் காகிதத்தைப் பயன்படுத்தினர். ஜப்பானிய வீட்டின் காகிதக் கதவு வெயிலை வடிகட்டி அறைக்குள் மென்மையாகப் பரப்புவது போல, இக்காகிதம் ஒளியை வடித்துக் கடிகாரத்திற்கு ஊட்டுகின்றது. ஆண்டிற்கு ஐந்து நொடிக்கு மேல் பிழைபடாத இயந்திரத்தின் உணவு அக்காகிதத்தின் வழியே செல்கின்றது. இங்கு அழகும் தொழிலும் பிரிக்க இயலாதவை.

மூன்றாவது, கிக்குனோ மசஹிரோ என்னும் தனிக் கம்மியர் 2011ஆம் ஆண்டளவில் செய்து காட்டிய கைக்கடிகாரம். தனகா ஹிசாஷிகேயின் பத்தாயிரம் ஆண்டுக் கடிகாரமே அவருக்கு ஊக்கமளித்தது. இதன் முகப்பில் உள்ள மணித்தகடுகள் ஆண்டு செல்லச் செல்லத் தாமே நகர்கின்றன. கோடையில் பகற்பொழுதின் தகடுகள் விலகி அமைகின்றன; மாரியில் நெருங்குகின்றன. 1873ஆம் ஆண்டில் அரசாணை வெளியேற்றிய பொழுது, ஒருவர் மணிக்கட்டின் அளவிற்குள் மீண்டும் நீண்டு குறுகத் தொடங்கியது. பெருந்தொழிற்சாலையின் ஆற்றலின்றி ஒற்றை மனிதர் கைகளால் இது நிகழ்ந்தது.

இப்பொழுதுக்கணக்கை நம்பிப் புகைவண்டியைப் பிடிக்க இயலாது. அலுவலகத்திற்கு நேரத்தில் செல்ல இயலாது. ஆயினும், இன்றைய பகலும் நேற்றைய பகலும் ஒன்றல்ல என்னும் உண்மையை அது சொல்கின்றது. துல்லியமான கடிகாரம் எதுவும் சொல்லாத உண்மை அது.

பனிமுகப்பின் அழகு மெய்யான அழகே. அதனை இகழ வேண்டுவதில்லை. ஆனால் அது பருவத்தை நினைவூட்டும் அழகு. காகித முகப்பில் மரபு உழைக்கின்றது; கிக்குனோவின் கடிகாரத்தில் மரபு காலத்தையே அளக்கின்றது. மரபைப் போற்றுவோர் எத்துறையினராயினும் அவர்முன் உள்ள தேர்வு இதுவே: பழைய பெயரை எடுத்துப் புதிய பொருளின் மேல் எழுதலாம், பழைய பெயருக்குப் பின்னிருந்த இயக்கத்தைக் கற்று மீண்டும் ஓடவிடலாம். முன்னதற்குச் சுவை போதும். பின்னதற்குக் கல்வியும் பொறுமையும் வேண்டும். பருவச் சொல்லைக் கையாளும் ஒவ்வொரு கவிஞரும் தம் கவிதையில் அச்சொல்லை அசைத்துப் பார்ப்பாராக. அசைக்கும்போது கவிதையின் காலமும் உடன் அசையுமாயின், மரபு அங்கே உயிரோடிருக்கின்றது.