உழைத்த உடலும் ஓய்ந்த உடலும்

(ஈப்போவில் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நாற்பது வருஷம் மரம் வெட்டிய உடம்புக்கு இனித் தேகாப்பியாசம் எதற்கு?" என்று சென்ற கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். இன்று அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாம் பட்ட பாடு கொஞ்சமல்ல. இருள் பிரியுமுன் பெரட்டு. பிறகு நானூறு, ஐந்நூறு மரம் கொண்ட நிரை. மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பைத் தோளில் வைத்து ஸ்டோர் வரை சுமந்தோம். தாய்மார்களுக்கு அதற்குமேல் வீட்டு வேலையும் காத்திருந்தது. இதெல்லாம் அப்பியாசந்தானே என்றால், பாதிதான் சரி. கால் நடந்து பழகியது, அது லாபம். ஆனால் தினமும் அதே தோள், அதே குனிவு. களைத்தபோது உட்கார முடியாது.

டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த நூற்றாண்டில் கண்டது என்ன? ஓய்வு நேரத்தில் நடப்போருக்கும் ஓடுவோருக்கும் இருதய நோய் குறைகிறது. வேலையில் நாள் முழுதும் பாரம் சுமப்போருக்கு அந்த நன்மை கிட்டவில்லை, கெடுதலே தெரிகிறது. அப்பியாசம் சிறிது நேரம், பிறகு தேகம் ஆறுகிறது. சதை தேறுவது ஆறும்போதுதான். சுமை வேலையில் ஆற நேரமில்லை, ரத்த அழுத்தம் மணிக்கணக்கில் ஏறியே நிற்கிறது என்று அவர்கள் காரணம் கூறுகிறார்கள். ஓய்வு நாளுக்காகத் தொழிலாளி வாதாடியது சோம்பலால் அல்ல என்பது இப்போதாவது விளங்கட்டும்!

சரி, இப்போது நம் நிலை என்ன? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. தாமானுக்கு வந்த நாம் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். இதுதான் ஆபத்து.

1966ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயது வாலிபர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பது வருஷ மூப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கையே அவர்களுடைய சக்தியை அதிகம் குறைத்திருந்தது தெரிந்தது. ஐம்பது வயதில் ஆறு மாதம் பயிற்சி செய்ததும் மூப்பில் இழந்த சக்தியை மீட்டுக்கொண்டார்கள்.

களைப்பின் கதையும் இதுவே. சதைக்குள் சக்தி தயாரிக்கும் நுண்ணிய அடுப்புகள் உண்டு. நடக்க நடக்க அவை பெருகுகின்றன, மெல்லிய ரத்தக் குழாய்களும் கிளைவிடுகின்றன. ஆகவே அதே படிக்கட்டு பழகிய தேகத்துக்குச் சிறு வேலை, பழகாத தேகத்துக்குப் பெரும் வேலை. நம்மவரிடையே மலிந்துள்ள நீரிழிவுக்கும் இது நல்லது. ரத்தத்திலுள்ள சர்க்கரையை உழைக்கும் சதை இழுத்துக்கொள்கிறது.

"எனக்கு எழுபதாகிவிட்டதே" என்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். 1990ல் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் நீட்டிப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சராசரி வயது 90! ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மற்றவர்களின் கால் பலம் சராசரி 174 சதவிகிதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

ஆகவே வாரத்தில் ஐந்து நாள் அரைமணி வேக நடை. ஈப்போவில் இருப்போருக்கு டி.ஆர். சீனிவாசகம் பூங்கா இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் பலப் பயிற்சி. பழைய பால்வாளி வீட்டில் இருந்தால் பாதி தண்ணீர் ஊற்றித் தூக்குங்கள், தோளை மாற்றி மாற்றி! சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகினால் விழுவது குறையும். முட்டை, மீன், பருப்பு ஏதாவது தினமும் தட்டில் இருக்கட்டும். நெஞ்சு வலி, மூட்டு வீக்கம் உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் டாக்டரைக் கேட்டபின் தொடங்க வேண்டும்.

கேள்வி கேட்ட பெரியவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். ஐயா, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், பத்துத் தடவை. நாங்களும் உங்களோடு எழுகிறோம்.