குவியலுக்குள் இருந்த ஈரம்



தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் தமது கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அவ்வாறாயின் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என வினவிய அண்ணலார், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள சம்பவம் இது.

அந்த ஈரத்தை இன்று கைபேசித் திரையிலும் காண்கின்றோம். உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் என் மாணவர் ஒருவர், கடந்தகால வினாத்தாளொன்றை இணையத்தில் தேடினார். பக்கத்தின் நடுவே ‘தரவிறக்கம்’ என்று பெரிய பச்சைப் பொத்தான். உண்மையான இணைப்போ அடியில், சிறிய எழுத்தில். பச்சையை அழுத்தினார். அடுத்து வந்த ‘தொடர்க’ என்பதையும் அழுத்தினார். வினாத்தாள் வரவில்லை. கட்டணச் சேவையொன்றுக்கு அவர் சம்மதித்ததாகப் பதிவாகி, வாப்பாவின் ரீலோட் பணம் நாளாந்தம் குறையத் தொடங்கிற்று. மகன் வீண்செலவு செய்வதாக வாப்பா ஏசினார். பிள்ளையோ வெட்கத்தால் வாய் திறக்கவில்லை. பெற்றோர்களே, ஏசுவதற்கு முன் அந்தத் திரையை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

வளர்ந்தவர்களும் இதில் விழுகின்றனர். பிரபல நிறுவனங்களின் பெயரில் போலி விளம்பரங்கள் தேடல் முடிவுகளின் மேற்புறத்தில் தோன்றுவதாக 2022 டிசம்பரில் எச்சரித்த அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., விளம்பரத் தடுப்பானைப் பாவிக்குமாறும் ஆலோசனை கூறியது. ஆண்ட்ரொய்ட் கைபேசியில் பயர்பொக்ஸ் உலாவியுடன் ‘யூபிளொக் ஒரிஜின்’ என்ற இலவச நீட்சியை இணைத்துக்கொள்ளலாம். பெயரைச் சரிபார்த்தே எடுங்கள். 2018 இல் குரோம் நீட்சிக் கடையிலிருந்து போலித் தடுப்பான்கள் சில நீக்கப்பட்டன. காவலாளி வேடத்திலும் கள்வன் வருகின்றான்! வாட்ஸ்அப்பில் வந்து சேரும் இணைப்புகளை எந்தத் தடுப்பானும் முழுமையாக மறிக்காது என்பதையும் மனதிற் கொள்ளுங்கள்.

“தளம் நடத்துபவரின் வருமானத்தைத் தடுப்பது ஆகுமா, ஹஸ்ரத்?” என்று அம்மாணவரே கேட்டார். நல்ல கேள்வி. இதனை ஃபத்வாவாக அன்றி என் கருத்தாகவே சொல்கின்றேன். கடைத்தெருவில் கூவி அழைப்பவரிடம் நின்று கேட்பது நம்மீது கடமையன்று. ஆயினும் விளம்பரத்தை விளம்பரமென்றே காட்டி, அவ்வருவாயில் பயனுள்ள தளமொன்றை நடத்துபவர் நேர்மையான உழைப்பாளி. அவருடைய தளத்திற்கு மட்டும் தடுப்பானை நிறுத்திவைக்க அதிலேயே வசதி உண்டு. அம்மாணவர் தாம் வினாத்தாள் எடுக்கும் வேறொரு தளத்திற்கு அவ்வாறே செய்திருக்கிறார். வாப்பா தொலைபேசி நிறுவனத்துக்கு அழைத்துச் சேவையை நிறுத்திவிட்டார். போன பணம் திரும்பவில்லை.