வளைந்த காலும் முழந்தாள் நோவும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முழந்தாள் நோவு என்றவுடன், "வயதாயிற்று, பொறுக்கத்தான் வேண்டும்" என்பர் சிலர். "மூட்டையே மாற்றிவிடலாம்" என்பர் வேறு சிலர். இவ்விரண்டிற்கும் நடுவே மற்றொரு வழியுமுண்டு. அது காலந் தாழ்த்தினாற் கைகூடாதது. ஆதலின் அதனையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவரை நூல் பிடித்தால், நேரான காலில் அது முழந்தாளின் நடுவையொட்டிச் செல்லும். வில்போல் வளைந்த காலிலோ உட்புறமாக விழும்; உடற்பாரமும் அவ்வழியே இறங்கும். நிலை சாய்ந்த கதவின் கீல் ஒருபுறமே தேய்வது போல, மூட்டின் உட்புறக் குருத்தெலும்பு தேயும். தேயத் தேய வளைவு மிகும். வளைவு மிகத் தேய்வும் மிகும்.

இதற்கு இரண சிகிச்சை வல்லார், மூட்டுக்குச் சற்றுக் கீழே காலெலும்பை அறுத்து நேராக்குகின்றனர். வெளிப்புறத்தில் ஆப்பு வடிவான துண்டை எடுத்து மூடுவது ஒரு முறை. உட்புறத்தில் அறுத்து அகற்றித் தகட்டாலும் திருகாணிகளாலும் பிணிப்பது மற்றொரு முறை. இரண்டாலும் பாரம் தேயாத புறத்துக்கு மாறும். இங்கிலாந்தில் ஜாக்ஸன், வா என்னும் இருவர் 1961-இலும், அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்துக் கவென்ட்ரி 1965-இலும் இதனை விளக்கி எழுதினர்.

இஃது எல்லார்க்கும் உரியதன்று. உட்புறம் மட்டுமே தேய்ந்து, கால் நன்கு மடங்கி நீளும், ஏறக்குறைய 60 வயதுக்குட்பட்ட உழைப்பாளிகட்கே சிறப்பாகப் பொருந்தும். மூட்டு முழுதும் தேய்ந்தார்க்கும் முடக்குவாதம் உற்றார்க்கும் பொருந்தாது. புகை பிடிப்பார்க்கு எலும்பு கூடுவது தாமதப்படும். சில வாரம் ஊன்றுகோல் வேண்டும்; எலும்பு முற்றும் இறுகச் சில மாதங்களாகும். புண் சீழ்ப்பிடித்தல், எலும்பு கூடாமை முதலிய இடர்களும் உண்டு.

நோவு என்றென்றைக்கும் நீங்கிவிடுமென்று எண்ணற்க. பலர்க்குப் பத்தாண்டும் அதற்கு மேலும் பயன் தரும். பின்னர் வேண்டுமாயின் மூட்டை மாற்றிக்கொள்ளலாம். செயற்கை மூட்டும் தேய்வதே. இளவயதில் அதனைப் பொருத்திக்கொண்டார்க்கு மறுமுறை சிகிச்சை நேரக்கூடும். ஆதலின் சொந்த மூட்டைக் காத்துக்கொள்ளும் ஒவ்வோராண்டும் ஆதாயமே.

குடும்பத்தைத் தாங்குவோர் நோவை மறைத்துக்கொண்டு நடப்பது நம்மிடை வழக்கம். அங்ஙனம் மறைக்குந்தோறும் இவ்வழி அடைபடுகிறது. வீட்டில் எவர்க்கேனும் கால் வளைந்து முழந்தாளின் உட்புறம் நொந்தால், எலும்பு மருத்துவரை அடுத்து, நின்ற நிலையில் முழுக்காலையும் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கலாமா எனக் கேளுங்கள். காலத்திற் கேட்ட அவ்வொரு கேள்வி ஒரு குடும்பத்தின் நடையைக் காத்தல் கூடும்.